மன்னிப்பது யார்? சேலத்துத் தொட்டில்களும் தத்துப் பிள்ளையின் உரிமையும்

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் புகட்டும் செய்திகள் அடிபட்ட காலம். குழந்தையைக் கொல்ல வேண்டாம், தொட்டிலில் விட்டுவிடுங்கள், யார் எவர் என்று கேட்கமாட்டோம் என்றது அன்றைய ஜெயலலிதா அரசு. 1997இல் தனி மாவட்டமான நாமக்கல்லும் அப்போது சேலத்துக்குள்தான் இருந்தது.

திட்டம் உயிர் காத்ததா, கைவிடுவதை வளர்த்ததா என்றே இதுவரை வழக்காடியிருக்கிறோம். தொட்டிலிலிருந்து வேறொரு வீட்டுக்குப் போன பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் வழக்கு மாறுகிறது. யார் எவர் என்று கேட்காததன் மூலம் அரசு பெற்றவளை மன்னித்தது. அந்த மன்னிப்பு அரசுக்குச் சொந்தமானதா என்பதே என் ஐயம்.

அந்தப் பிள்ளையின் வீட்டுரிமையில் சட்டப்படி குறையில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி, முறையாக நடந்த தத்தைத் தத்தெடுத்த பெற்றோர் ரத்து செய்ய முடியாது. பிள்ளையும் அதைத் துறந்து பிறந்த குடும்பத்துக்குத் திரும்ப முடியாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் தத்துப் பிள்ளையை அவ்வீட்டில் பிறந்த பிள்ளையாகவே கொள்கிறது. ஊர் வாய்தான் அவ்வளவு எளிதில் அடங்காது. 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று நம் வீடுகளில் சொந்தப் பிள்ளையையே கேலி செய்வதுண்டு. பிறந்த கதை தெரிந்த பிள்ளை அதைச் சிரித்துத் தள்ளிவிடும். தெரியாத பிள்ளைக்கு அது கேலியாக இருக்காது.

இதே நாமக்கல் வட்டாரத்தில்தான் பிள்ளையில்லாத தம்பதி படும் அவமானத்தைப் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவல் திருச்செங்கோட்டை வைத்துச் சொன்னது. ஒரு வீட்டில் பெண் பிறந்தது பாரம். அடுத்த வீட்டில் எதுவும் பிறக்காதது பழி. தொட்டில் இவ்விரண்டையும் இணைத்தது, ஆனால் நடுவில் இருந்த பாதையை அழித்துவிட்டு.

இப்போதைய தத்தெடுப்பு விதிமுறைகள் வேர் தேடும் உரிமையைத் தருகின்றன. 18 வயது நிறைந்தவர் தானே விண்ணப்பிக்கலாம்; அதற்குக் குறைந்தவர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். பெற்றவரின் அந்தரங்கத்துக்கும் அங்கே காவல் உண்டு. குழந்தைகள் நலக் குழுவின் முன் பெற்றோர் ஒப்படைத்த பிள்ளைக்கு ஆவணம் இருக்கிறது. மறுபரிசீலனைக்கு இரண்டு மாத அவகாசமும் இருந்திருக்கிறது. ஆளில்லா நேரத்தில் தொட்டிலில் விடப்பட்ட பிள்ளைக்குத் தேடும் உரிமை இருந்தும் தேடத் தாள் இல்லை. விட்டதற்குக் காரணம் வறுமையா, மாமியாரின் மிரட்டலா, மூன்றாவதும் பெண் என்ற வெறுப்பா? எதை மன்னிப்பது என்றே தெரியாதவரிடம் மன்னிப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை. மன்னிக்க மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. வளர்த்தவர்கள் மேல் அன்பு குறைந்துவிட்டதாக அதைப் படிப்பது தவறு.

பெயர் கேட்டிருந்தால் ஒரு தாயும் வந்திருக்கமாட்டாள் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். சேலத்தில் ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண்களுக்கு 2001இல் 851 பெண்களே இருந்தனர், 2011இல் 916. இந்த ஏற்றத்தைத் தொட்டில் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. எனினும் அடையாளம் கேட்காத ஏற்பாடு தேவைப்பட்ட ஊர் இது. பெயர் கேட்காமலே வேறு சிலவற்றைக் கேட்டிருக்கலாம்: குடும்பத்தில் என்ன நோய், இது எத்தனையாவது பிரசவம், ஏன் விட நேர்ந்தது. தாய் விரும்பினால் மட்டும் எழுதித் தரும் ஓர் உறை, பிள்ளைக்கு 18 வயதாகும்வரை முத்திரையோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்கட்டும். அதைப் பிரிப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.