பாம்புக்குப் பால் வார்த்தோர்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

'பாம்புக்குப் பால் வார்த்தது போல' என்பது நம்மிடையே பெருவழக்கிலுள்ள உவமை. இழிந்தவனுக்குச் செய்யும் உதவி வீண் என்பதே அதன் கருத்து. இதனை நாம் பெரும்பாலும் நீதிக் கருத்தாகவே நோக்கி வந்துள்ளோம். ஆயின் இவ்வுவமையினுள்ளே வரலாற்று வினாவொன்றும் மறைந்து கிடக்கின்றது. பாம்பைப் பிடித்து வைத்துப் பேணியவர் யாவர்? எத்தகைய சமூக உறவுகளின் கீழ்ப் பேணினர்? பிடிபட்ட பாம்பு நோயுற்றபோது அதனைப் பிழைக்கவைக்க வேண்டிய தேவை எவருக்கு, எக்கட்டத்தில் ஏற்பட்டது? இவ்வினாக்களை மன்னார்த் தீவையும் அதனையடுத்த கரையையும் நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார் மணலும் முட்பற்றையும் பனையும் நிறைந்த வரண்ட நிலம். தலைமன்னார், பேசாலை போன்ற தீவுக் கிராமங்களில் மீன்பிடியும், பெருநிலத்தில் கட்டுக்கரைக் குளத்தை நம்பிய நெற்செய்கையும் மக்களின் வாழ்வாதாரங்கள். ஈழத்தின் வரண்ட கரையோரங்களிலே காணப்படும் சுருட்டை விரியன் இம்மணற் பரப்புக்கு உரியது. சிங்களத்தில் இதனை 'வெலி பொலங்கா', அதாவது மணல் விரியன், என்பர். வயலிலே நாகமும் புடையனும் இருக்கின்றன. கரைவலையில் மீனோடு கடற்பாம்பும் ஏறுகின்றது. எனவே இங்கு பாம்பு என்பது கற்பனைப் பொருளன்று. உழைப்புக் களத்தின் ஒரு கூறு. வெறுங்காலுடன் வயலில் இறங்குபவனும் இருளில் வலையிழுப்பவனுமே அதனை முதலில் எதிர்கொள்கின்றனர்.

இவ்வெதிர்கொள்ளலிலிருந்து பிறந்த கருத்துநிலைகளுள் ஒன்று நாகதம்பிரான் வழிபாடு. வன்னியில் இன்றும் உயிர்ப்புள்ள இவ்வழிபாட்டில் நாகம் கொல்லத்தகாதது. தன் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட இயற்கையோடு விவசாயி செய்துகொண்ட உடன்படிக்கையாகவே இதனைக் கொள்ளல் தகும். எனினும் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. வழிபாடு பாம்பைக் கொல்லாது விட்டது. நோயுற்ற பாம்புக்கு மருந்திடவில்லை. இலக்கியமும் அவ்வாறே. பாம்பாட்டிச் சித்தர் பாடல்களிலே பாம்பு தத்துவக் குறியீடாகி விடுகின்றது. கூடைக்குள்ளே கிடக்கும் பாம்பின் பசியும் புண்ணும், அதனைச் சுமந்து தெருத்தெருவாய் அலைபவனின் பசியும் அக்குறியீட்டின் பின்னே மறைந்து போகின்றன.

காலனித்துவப் பதிவுகளை நோக்கினால் வேறொரு மறைப்பைக் காணலாம். இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராகவிருந்த ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற், மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதுகையில் 'கடற்கட்டி' எனப்படுவோரைக் குறிப்பிடுகின்றார். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுபவர் என நம்பப்பட்ட இவர்களுக்கு அரசாங்கமே ஊதியம் வழங்கியது. இவர்களின்றிச் சுழியோடிகள் கடலில் இறங்கமாட்டார்கள். சுழியோடிகள் இறங்காவிடின் அரசுக்கு வருமானமில்லை. பகுத்தறிவின் பெயரால் ஆண்ட அரசு, இலாபம் கருதி மந்திரத்துக்குச் சம்பளம் கொடுத்தது.

பாம்பைப் பொறுத்தவரையில் 1861ஆம் ஆண்டு வெளிவந்த தமது இலங்கை இயற்கை வரலாற்று நூலில் ரெனன்ற் 'பாம்புக்கல்' பற்றி விரிவாக எழுதினார். கடிவாயில் ஒட்டி நஞ்சை உறிஞ்சுவதாகக் கருதப்பட்ட அக்கல்லை ஆராய்ந்த விஞ்ஞானி மைக்கேல் பரடே, அது கரியாக்கப்பட்ட எலும்பு எனக் கண்டார். கல் ஆய்வுகூடத்தை அடைந்தது. அதனை வைத்திருந்தவனோ நூலின் ஓரத்திலே வேடிக்கை மனிதனாக நின்றுவிட்டான். அவன் பாம்பை எவ்வாறு பிடித்தான், எவ்வாறு வைத்திருந்தான் என்னும் தொழிலறிவு அறிவாகக் கணிக்கப்படவில்லை.

அத்தொழிலை நாம் இலட்சியமாக்கவும் கூடாது. நாகத்தின் நச்சுப் பல்லைப் பிடுங்குவது பாம்பாட்டிகளிடையே பரவலாயிருந்த வழக்கம். பிடுங்கிய பல் சில வாரங்களில் மீண்டும் முளைக்கும். மீண்டும் பிடுங்க வேண்டும். இதனால் வாய்ப்புண் ஏற்பட்டு அழுகும். பாம்பு இரையெடாது மெலிந்து இறக்கும். செதிலிடுக்கில் உண்ணி பற்றுதலும், நீரின்மையாற் சட்டை முழுமையாகக் கழலாது கண்ணை மூடிக்கொள்ளுதலும் கூடைவாழ்வின் ஏனைய நோய்கள். பாம்பின் இயல்பான உணவிற் பாலுக்கு இடமில்லை. பல நாள் தாகத்தில் வாடவிடப்பட்ட பாம்பே பாலைக் குடிக்கின்றது. அப்பால் செரியாது அதற்குத் தீங்காகின்றது. ஆக, நமது உவமையில் நன்றிகெட்டதாகப் பழிக்கப்படும் பாம்பு, உண்மையில் அப்பாலினாலேயே நோயுறும் பாம்பாகும்.

இதனைத் தனிமனிதக் கொடுமையாக விளக்குவது போதாது. அன்றைய கூலிக்கு அன்றே ஆடவேண்டிய பாம்பு அது. ஒன்று இறந்தால் இன்னொன்றைக் காட்டிற் பிடிக்கலாம். ஆனால் நோயுற்ற பாம்பைப் பல வாரம் வைத்துப் பேண, அந்நாட்களுக்குரிய சோறு வேண்டும். அது பாம்பாட்டியிடம் இல்லை. இருப்பினும் இந்நிலையிலும் மாற்று மரபொன்று இருந்தமை மனங்கொள்ளத் தக்கது. ஈழத்திற் சிங்களவரால் அஹிகுண்டிகர் என்றும், கிழக்கில் அளிக்கம்பைப் பகுதித் தமிழரால் வனக்குறவர் என்றும் அழைக்கப்படும் தெலுங்கு மொழிவழிச் சமூகத்தினரிடையே, பிடித்த நாகத்தைக் குறித்த காலத்தின் பின் காட்டில் விட்டுவிடுவதாக வாக்களிக்கும் வழக்கம் சொல்லப்படுகின்றது. சிறைக்கு ஒரு கால எல்லை வேண்டும் என்னும் இவ்வறிவின் பெறுமதியைப் பின்னர் காண்போம்.

மன்னாருக்கு எதிர்க்கரையிலுள்ள தமிழகத்திலேதான் இவ்வுறவு தெளிவான மாற்றத்துக்குள்ளாயிற்று. செங்கற்பட்டு வட்டாரத்து இருளர் நிலமற்ற பழங்குடியினர். பலர் அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் கடனுக்குக் கொத்தடிமைகளாக உழைத்தவர்கள். இருபதாம் நூற்றாண்டிற் பாம்புத் தோல் ஏற்றுமதிப் பண்டமானபோது, அவர்களது தடமறியும் திறன் தோல் வணிகரின் கையிற் சிக்கியது. அக்கட்டத்திற் பாம்பு இறந்த பின்னரே பெறுமதி பெற்றது. ஆகவே அதனைப் பேணும் பேச்சுக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அவ்வணிகத்தை முடித்தன. பாம்பு காக்கப்பட்டது; பாம்பு பிடிப்பவனின் சோற்றுக்கு வழி எதுவும் செய்யப்படவில்லை.

இந்நெருக்கடியில் 1978ஆம் ஆண்டு பதிவானதே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய றோமுலஸ் விற்றேக்கரின் துணையும் இதற்கிருந்தது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் மணலிட்ட மண்பானைகளில், வாயைத் துணியாற் கட்டி, இருளிலும் அமைதியிலும் வைக்கப்படுகின்றன. வாரத்துக்கொரு முறையாக நஞ்செடுத்தபின், மூன்று நான்கு வாரங்களில் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு அவற்றைக் காட்டில் விடுகின்றனர். அடையாளமுள்ள பாம்பு மீண்டும் அகப்படின், உடனே நஞ்செடுப்புக்கு உட்படுத்தப்படுவதில்லை.

நோயுற்ற பாம்பைத் தேற்றுதற்கு இன்று பாம்பியலாளர் கூறும் முறைகளை இதனோடு ஒப்பிடுவோம். புண்ணைக் கழுவி அழுகிய தசையை அகற்றல், ஈரத்துணியிட்டுச் சட்டையை இளகவைத்தல், நீர் வைத்தல் ஆகியன புறச் சிகிச்சைகள். பாம்பு தன் உடல்வெப்பத்தைச் சூழலிலிருந்தே பெறுவதால், வெதுவெதுப்பின்றி அதன் நோயெதிர்ப்பு இயங்காது; ஒதுங்க இருளின்றி அது இரையெடாது. வலுக்கட்டாயமாக ஊட்டுதல் பெரும்பாலும் கேட்டையே தரும். சுருங்கக் கூறின், அதனை இயன்றவரை தொடாது விடுவதே சிகிச்சையின் பெரும்பகுதி. மண்பானையும் மணலும் துணியும் இதனையே செய்கின்றன. குறுகிய சிறைக்காலமோ நோய் வருமுன்னரே அதனைத் தடுக்கின்றது. வனக்குறவரின் வாக்குறுதியில் அறமாக இருந்தது, கூட்டுறவில் உற்பத்தி விதியாகின்றது. உயிருள்ள பாம்பின் நஞ்சு, இறந்த பாம்பின் தோலிலும் பெறுமதி மிக்கதாகியபோதே பேணுதல் சாத்தியமாயிற்று.

மன்னாருக்கும் இதற்கும் தொடர்பு யாது? இந்தியாவின் நச்சுமுறி மருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்தே வந்துள்ளது. அந்நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் மருந்தையே இலங்கையின் மருத்துவமனைகள் நெடுங்காலமாக நம்பியிருந்தன. 2012-13இல் இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட குடிமனை ஆய்வொன்று ஓராண்டில் 80,000க்கு மேற்பட்ட பாம்புக் கடிகளும் 400க்கு மேற்பட்ட மரணங்களும் நிகழ்வதாக மதிப்பிட்டது. கடிபடுவோருட் பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளர். கட்டுக்கரை வயலிற் கடியுண்ட விவசாயியின் நாளத்தில் ஏறும் மருந்தின் பின்னே, பாக்கு நீரிணைக்கு அப்பால் வளையைத் தோண்டிய இருளனின் உழைப்பு உறைந்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறியார். பண்டம் அவர்களை இணைக்கின்றது. பண்டமே அவ்விணைப்பை மறைக்கின்றது.

இவ்வமைப்பின் முரண்பாடுகளையும் நாம் மறத்தலாகாது. நஞ்சுக்கு அரசு அனுமதியும் அளவெல்லையும் உண்டு; மருந்தாக்கமும் அதன் பெரும் இலாபமும் சங்கத்தின் கையில் இல்லை. அன்றியும் பாம்பின் நஞ்சு இடத்துக்கிடம் வேறுபடுவது. தமிழகத்து நஞ்சிலிருந்து உருவான மருந்து ஈழத்துப் பாம்புக்கு முற்றிலும் பொருந்துவதில்லை, ஒவ்வாமையும் மிகுதி. சிங்களத்திற் குணகட்டுவா எனப்படும் விரியனின் நஞ்சுக்கு அது பயன்படுவதேயில்லை. இலங்கைப் பாம்புகளின் நஞ்சிலிருந்தே மருந்தாக்கும் முயற்சியிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தினர் கோஸ்ரா றிக்கா ஆய்வாளருடன் 2010களில் ஈடுபட்டமை இக்குறையை உணர்ந்ததன் விளைவே. உலக சுகாதார நிறுவனம் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் 2017இலேயே சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது நோய் மட்டுமன்று. அதற்குப் பலியாகும் வர்க்கமுமாகும்.

2023ஆம் ஆண்டு வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்க்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. ரெனன்ற் காலத்து நூலோரத்து மனிதன் பெயர் பெற்றுவிட்டான் என மகிழலாம். ஆயினும் விருது ஓர் இனக்குழுவின் தொழிலறிவை ஒப்புக்கொள்ளுமேயன்றி, அவ்வறிவின் பயனை அவர்களுக்கு உரித்தாக்காது.

தொகுத்து நோக்குமிடத்து, பாம்பைப் பேணுதல் இரக்கத்தினால் மட்டுமோ பக்தியினால் மட்டுமோ நிகழ்ந்ததன்று. பேணுபவனின் வாழ்வு எவ்வளவுக்குக் காக்கப்பட்டதோ அவ்வளவுக்கே பாம்பின் வாழ்வும் காக்கப்பட்டது. 'பாம்பின் கால் பாம்பறியும்' என்பர். அதனை அறிந்தவர் இன்னொருவரும் உளர். வன்னியிலும் மன்னார்க் கரையிலும் உள்ள விடகடி வைத்தியர், வலையிழுப்போர், வயலுழுவோர் ஆகியோரது பாம்பறிவு இன்னும் ஒழுங்காகத் தொகுக்கப்படவில்லை. அவர்களை ஆய்வின் பொருளாக மட்டுமன்றி அறிவின் உடைமையாளராகவும் கொண்டு அப்பணியைத் தொடங்குவது நம் கடமையாகும்.