கொற்கை: கட்டடம் எஞ்சாத தலைநகர்

தலைநகர் என்ற சொல்லைக் கேட்டவுடன் மதிலும் மாளிகையும் அகன்ற வீதிகளும் நம் மனக்கண்ணில் எழுகின்றன. இன்றைய இந்தியாவின் தலைநகரான புது டெல்லியை எடுத்துக்கொள்வோம். தலைநகர் அங்கே மாறும் என்று அறிவிக்கப்பட்ட ஆண்டு 1911. திறப்பு விழா நடந்த ஆண்டு 1931. வரைந்து எழுப்பிய கட்டடக் கலைஞர்கள் எட்வின் லட்யன்சும் எர்பர்ட் பேக்கரும். நாளும் பெயரும் கல்லும் ஒருங்கே கிடைப்பதால் வரலாறு எழுதுவோனுக்கு அங்கே இடர்ப்பாடு குறைவு.

நம் பொருநையாற்றின் முகத்துவாரத்திலும் ஒரு தலைநகர் இருந்தது. பாண்டியரின் பழம்பதியாகவும் முத்துத் துறையாகவும் புகழ்பெற்ற கொற்கையே அது. அதனைக் கட்டியவர் பெயர் தெரியாது; அரண்மனையின் ஒரு சுவரும் நிற்கவில்லை. ஆயினும் ஐங்குறுநூறும் நற்றிணையும் அகநானூறும் அதன் பெயரை மறக்கவில்லை. கல் காக்காததைச் சொல் காத்தது. கவிஞர்கள் கூடி நடத்தும் ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் எண்ணிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

ஊரும் கடலும்

இன்று கொற்கைக்குச் செல்பவர் கடலைக் காணமாட்டார். நெல் வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்த சிற்றூர் அது. 1986ஆம் ஆண்டுவரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, பின்னர் தூத்துக்குடி மாவட்டத்தில் சேர்ந்தது. கடற்கரை அங்கிருந்து ஏறத்தாழ ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒரு குளம், ஒரு பழைய வன்னி மரம், வெற்றிவேல் அம்மன் கோயில், அக்காசாலை ஈசுவரமுடையார் கோயில் ஆகியவையே காண்பதற்கு உரியவை.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மாலுமி ஒருவரின் 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூலும், இரண்டாம் நூற்றாண்டுத் தாலமியின் நிலநூலும் இவ்வூரைக் 'கொல்கோய்' என்று குறிக்கின்றன. உரோமாபுரி வணிகர் அறிந்திருந்த துறைமுகம் வயல்வெளி ஆனது எவ்வாறு? பகைவர் படையெடுத்து அழித்தனர் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறே அதனைச் செய்தது. பொதிகையிலிருந்து ஆண்டுதோறும் அடித்து வந்த வண்டலைப் பொருநை தன் முகத்தில் படியவிட்டது. கரை கிழக்கே நகர்ந்தது. கப்பல்கள் ஒதுங்க இடமின்றிப் போயிற்று. துறைமுகம் காயலுக்கு இறங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதியது காயல் துறையை. பின்னர் காயலும் தூர்ந்து, புன்னைக்காயலும் தூத்துக்குடியும் தலையெடுத்தன. ஊருக்குச் சோறு போட்ட ஆறே ஊரின் வாழ்வை முடித்துவைத்தது. வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. அதே வண்டலில்தான் இன்று நெல் விளைகிறது.

பாடல் காட்டும் மாளிகை

பாண்டியர் மாளிகை ஒன்று எவ்வாறு கட்டப்பட்டது என்பதை அறியப் பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை உதவுகிறது. நக்கீரர் அதில் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அரசன் பெயரையும் சொல்லவில்லை. வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருந்ததைக் கொண்டே அவன் பாண்டியன் என உரைகாரர் உணர்த்தினர். கொற்கையின் மாளிகை இது என்று துணிய முடியாது; ஆனால் பாண்டிய அரசின் கட்டடக் கலை இன்னது என்று துணியலாம்.

முதலில் திசை காண்கிறார்கள். உச்சி வேளையில் இரண்டு கோல்களை நட்டு, நிழல் சாயாத நிலையைப் பார்க்கிறார்கள். நூலறிந்த வல்லுநர் கயிறு பிடித்து அளந்து, அரசனுக்கு ஏற்ப மனைகளை வகுக்கிறார்கள். வாயிற்கதவு இரும்பால் பிணைக்கப்பட்டு, அரக்கு வழித்த இரட்டைக் கதவு. அதன் மேல்நிலையில் குவளை மலரும் பிடி யானைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. நெய்யும் ஐயவியும் பூசப்பட்டிருக்கின்றன. கொடியை உயர்த்திய யானை குனியாமல் நுழையும் அளவுக்கு, மலையைக் குடைந்தாற்போன்ற உயரம் அவ்வாயிலுக்கு. முற்றத்தில் மணல் பரப்பப்பட்டுள்ளது. நிலா முற்றத்து நீர் மீன்வாய் போன்ற தூம்பின் வழியே விழுந்து ஒலிக்கிறது. சுவர் செம்பால் செய்தாற்போல் திண்மையும் நிறமும் பெற்றிருக்கிறது. அதில் பூங்கொடி தீட்டப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் பிரிந்திருக்கும் ஓர் அரசியின் துயரைச் சொல்ல வந்த பாட்டில் இடம்பெறுகின்றன. கட்டடக் கலை நூல் எழுதுவது புலவரின் நோக்கமன்று. அவள் தனிமையின் பரப்பைக் காட்ட மாளிகையின் பரப்பைக் காட்டினார். அந்தக் கவனமே இன்று நமக்கு ஆவணமாகியிருக்கிறது.

மண் தந்த சான்று

கொற்கையின் பழமையை முதலில் மண்ணில் தேடியவர்களுள் ஒருவர் கால்டுவெல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர் அங்கே சென்று ஆராய்ந்து, 1881இல் வெளியான தம் திருநெல்வேலி வரலாற்றில் அதனைப் பதிவு செய்தார். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1968-69ஆம் ஆண்டில் முறையான அகழாய்வு நடத்தியது. செங்கல் கட்டுமானம் ஒன்றும், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த பெரிய சுடுமண் வளையங்களும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அங்கே எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021இல் அகழாய்வு மீண்டும் நடைபெற்றபோது செங்கல் கட்டுமானங்களும் சங்கு வளையல் துண்டுகளும் வெளிப்பட்டன. அதே ஆண்டில், அருகிலுள்ள சிவகளையின் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்னும் காலக் கணிப்பும் அறிவிக்கப்பட்டது.

மாளிகை ஏன் எஞ்சவில்லை? செங்கல்லும் மரமும் ஓடுமே அக்காலக் கட்டடப் பொருள்கள். மரம் மக்கும். செங்கல்லை அடுத்த தலைமுறை பெயர்த்துத் தன் வீட்டுக்கு வைத்துக்கொள்ளும். கல்லை நம் முன்னோர் முதலில் இறந்தோர்க்கே நாட்டினர். பின்னர் தெய்வத்துக்குக் கோயில் எடுத்தனர். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் கழுகுமலையில் ஒரே பாறையைக் குடைந்து வெட்டுவான் கோயிலை உருவாக்கினர். அது முற்றுப்பெறாமலே இன்றும் நிற்கிறது. நம் ராதாபுரத்துச் சிவபெருமானும் வரகுண பாண்டீசுவரர் என்று ஒரு பாண்டியன் பெயரைத் தாங்கியே எழுந்தருளியிருக்கிறார். கோயில்கள் நின்றன, அவற்றைக் கட்டியோர் வாழ்ந்த மனைகள் மறைந்தன. ஆதிச்சநல்லூரில் இறந்தோரின் தாழிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்ததும், வாழ்ந்தோரின் வீடுகள் எளிதில் கிடைக்காததும் இதே கதைதான்.

கூட்டிச் சொல்லும் ஆசை

எஞ்சியது குறைவாக இருக்கும்போது கூட்டிச் சொல்லும் ஆசை பெரிதாகும். இறையனார் களவியல் உரை, கபாடபுரத்தில் இடைச்சங்கம் 3700 ஆண்டுகள் நிலவியதாகக் கூறுகிறது. அந்தக் கபாடபுரத்தைக் கொற்கைக்கு அருகே கடலுக்குள் வைத்துப் பேசுவோர் நம்மிடையே உண்டு. நாமும் மேடையில் அவ்வாறு பேசிக் கைத்தட்டல் பெற்றிருக்கலாம். அது மரபுவழிச் செய்தி. அதற்கு உரிய மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் அகழாய்வுச் சான்றோடு அதனை ஒரே தட்டில் வைத்தால், சான்றின் மதிப்பும் கெடும், மரபின் மதிப்பும் கெடும். கி.மு. 785 என்பதும் ஒரு கரித்துண்டின் காலம். முன்னும் பின்னும் ஏறக்குறைய நூறாண்டு தளர்வு உடையது. அந்நாளில் அங்கே மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அது சான்று. மதிலும் மாளிகையும் உடைய தலைநகர் அந்நாளிலேயே இருந்தது என்பதற்கு அன்று.

வேள்விக்குடிச் செப்பேட்டை நோக்குங்கள். கொற்கை கிழான் நற்கொற்றன் என்பவனுக்கு முதுகுடுமிப் பெருவழுதி ஊர் கொடுத்ததையும், களப்பிரர் அதனைப் பறித்ததையும், எட்டாம் நூற்றாண்டில் நெடுஞ்சடையன் அதனைத் திருப்பித் தந்ததையும் அது கூறுகிறது. உரிமை கோரியவரை அம்மன்னன் பழைமையை மெய்ப்பிக்கச் சொன்னான். அவர் காட்டிய பின்னரே கொடுத்தான். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பாண்டியன் கேட்ட சான்றை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ளக் கூசலாமா?

முத்தும் முத்துக் குளித்தோரும்

இறுதியாக ஒன்று. கொற்கை முத்தைப் பாடாத புலவர் சிலரே. அம்முத்தைக் கடலடியிலிருந்து எடுத்தவர் யார்? தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அங்கே முத்துக் குளித்தனர் என்று பெரிப்ளூஸ் எழுதுகிறது. அரசியின் மார்பில் கிடந்த முத்து வடத்தின் ஒவ்வொரு மணிக்கும் பின்னே மூச்சடக்கிய ஒரு மனிதன் இருந்தான். சிலப்பதிகாரமோ, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாகக் கூறுகிறது. அது நிகழ்ந்ததோ இல்லையோ, ஒருவன் செய்த வஞ்சகத்துக்காக ஆயிரவர் உயிர் கொடுத்தனர் என்பதைக் காப்பியம் மறைக்கவில்லை. பொன்வினைஞர் தொழிற்கூடத்தின் பெயரான அக்காசாலை இன்றும் அவ்வூர்க் கோயிலின் பெயராக நிலைத்திருக்கிறது. பலியிட்ட மன்னனின் பெயரால் அம்மனும் வழங்கப்படுகிறாள். இரண்டு கோயில்களும் ஒரே ஊரில் நிற்கின்றன.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. மாளிகை மண்ணாயிற்று, கடல் அகன்றது, முத்தும் அற்றது. எஞ்சியவை சில செங்கற்களும் சில பாடல்களுமே. அந்தப் பாடல்கள் இல்லையேல் கொற்கை என்பது வயற்காட்டு ஊர் ஒன்றின் பெயராக மட்டுமே இருந்திருக்கும். நாம் எழுதுவதும் ஒருநாள் யாருக்கேனும் சான்றாகக் கூடும். ஆகவே கண்டதைக் கண்டபடி எழுதுவோம்; முத்தைப் பாடும்போது மூழ்கியவனையும் பாடுவோம்.