தாத்தாவின் துப்பாக்கி: 303-ஆ, 315-ஆ?

துப்பாக்கி பத்தி எழுதப் போறேன்னதும் யாரும் பயந்துடாதீங்க. பொட்டி தட்டிப் பொழைக்கிறவன் நான். தீபாவளிக்குச் சுட்ட ரோல் கேப்போட நம்ம வீரம் முடிஞ்சுது :-)

மேட்டர் இதுதான். அம்மாவோட அப்பா மிலிட்டரிக்காரர். 1962-ல சீனாக்காரனோட சண்டை போட்டவர். ஊருக்குத் திரும்பினப்புறம் சின்ன காஞ்சிபுரத்துல ஒரு பட்டுக்கடைக்கு ராத்திரி காவல். அவர்கிட்ட லைசென்ஸோட ஒரு ரைபிள் இருந்தது. 2024 மார்ச்ல பார்லிமெண்ட் தேர்தல் அறிவிச்சதும், வழக்கம்போல லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஒப்படைக்கச் சொன்னாங்க. தாத்தாவும் கொண்டுபோய் ஒரு துப்பாக்கிக் கடையில டெபாசிட் பண்ணி ரசீது வாங்கி வெச்சார். அதைத் திரும்ப வாங்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார். வயசு 86.

இப்ப மாமா சொல்றார், "டேய் மாப்ள, அது சீனாக்காரனைச் சுட்ட துப்பாக்கிடா. வெள்ளைக்காரன் காலத்து 303. வெளிநாட்டுல லட்சக்கணக்குல வாங்குவானாம். நீதான் கம்ப்யூட்டர்ல தேடி வித்துக் குடுக்கணும்." மாமா தறிக்காரர். கோர்வை போட கூட ஆள் கெடைக்காம ஒரு தறி சும்மா நிக்குது, கடன் மட்டும் சும்மா நிக்கல. அதனால சிரிச்சுட்டுப் போக முடியல. தேடினேன்.

லீ என்ஃபீல்ட் 303. லீ என்பது ஜேம்ஸ் பாரிஸ் லீ, அந்த போல்ட்டையும் மேகசினையும் வடிவமைச்சவர். என்ஃபீல்ட் லண்டனுக்கு வடக்கே இருந்த அரசு துப்பாக்கித் தொழிற்சாலை. (அதுக்குப் பாகங்கள் செஞ்சு குடுத்த சைக்கிள் கம்பெனிதான் ராயல் என்ஃபீல்ட். 1955-லிருந்து நம்ம மெட்ராஸ்ல புல்லட் உருவாச்சே, அதே ஆளுங்கதான்.) 1907-ல வந்த மார்க் 3 மாடல்தான் முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்ங்க கையில இருந்தது. மேகசின்ல 10 தோட்டா. நல்லாப் பழகினவன் நிமிஷத்துக்கு 15 தடவைக்குக் குறையாம குறி பாத்துச் சுடுவான். வங்காளத்துல இஷாப்பூர் தொழிற்சாலையிலயும் இதைச் செஞ்சாங்க. சுதந்திரத்துக்கு அப்புறமும் அதேதான். 1962-ல சீனாக்காரன் தானியங்கித் துப்பாக்கியோட இறங்கினப்ப, நம்மாளுங்க ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்து இழுத்துச் சுட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்த அடிக்கப்புறம்தான் பட்டாளம் வேற துப்பாக்கிக்கு மாறிச்சு. போலீஸ் விடல. உத்தரப்பிரதேச போலீஸ் 303-க்கு விடை குடுத்தது 2020 ஜனவரியில!

ஆக, தாத்தா சண்டையில பிடிச்சது 303 தான். ஆனா அதை வீட்டுக்கு எப்படிக் கொண்டு வந்தார்? இங்கதான் எனக்கு இடிச்சுது. பட்டாளத்துல ரைபிள் சிப்பாயோட சொத்து கெடையாது. நம்பர் போட்டுக் குடுப்பான், நம்பர் பாத்துத் திரும்ப வாங்கி கோத்ல பூட்டிடுவான். ரிடையர் ஆகறப்போ பெட்டியும் கம்பளியும் வரலாம், ரைபிள் வராது.

ரெண்டாவது சிக்கல் இன்னும் பெருசு. 303 நம்ம சட்டத்துல தடை செய்யப்பட்ட ரகம். தனி ஆள் வாங்கவோ விக்கவோ முடியாது. 2019 திருத்தத்துக்கப்புறம் அனுமதியில்லாம வெச்சிருந்தா கொறஞ்சது 7 வருஷம், அதிகபட்சம் 14 வருஷம் உள்ளே. பழைய சாமான்னும் சொல்ல முடியாது. சுடவே முடியாத, ரிப்பேர் பண்ணாலும் உதவாத பழசுக்குத்தான் விலக்கு. சரி, வெளிநாடு? 100 வருஷம் தாண்டின பொருள்னா 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும், தனி ஆள் ஏற்றுமதி பண்ண முடியாது. அதாவது மாமா சொல்றது நெஜமா இருந்தா அதோட விலை பூஜ்யம், கூடவே கம்பி எண்ணற வாய்ப்பு!

இந்தக் கெடுபிடி இன்னிக்கு நேத்து வந்ததில்ல. 1857-க்கப்புறம் வெள்ளைக்காரன் ரொம்ப உஷாராயிட்டான். 1878-ல லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டப்படி இந்தியனுக்கு லைசென்ஸ் வேணும், ஐரோப்பியனுக்கு வேணாம். (1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்துல ஆயுதம் வெச்சிக்கற உரிமையும் ஒண்ணுங்கறது நெறைய பேருக்குத் தெரியாது.) பட்டாளத்துத் தோட்டா திருட்டுப்போனா அது தனியார் துப்பாக்கியில வேலை செய்யக் கூடாதுன்னு அவனுக்குக் கவலை. அதுக்காகவே புழக்கத்துக்கு வந்தது 315, அதாவது 8 மில்லிமீட்டர். அதே லீ என்ஃபீல்ட் உடம்பு, வேற குழாய். 303 தோட்டாக் கூடு 56 மில்லிமீட்டர் நீளம், 315-க்கு 50 தான். ஒண்ணை இன்னொண்ணுல போட முடியாது. வெள்ளைக்காரன் போனப்புறமும் இஷாப்பூர்ல இதைப் பொதுஜனத்துக்காகச் செஞ்சாங்க. லைசென்ஸ் கெடைக்கற ரகம் இது.

இவ்வளவும் படிச்சுட்டு ஒரு சனிக்கிழமை மாமாவோட அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்து மேஜை மேல வெச்சார். நாங்க தொடல, தொடவும் கூடாது. பட்டாள 303-க்கு மரம் குழாய் நுனி வரைக்கும் மூடியிருக்கும், முனையில பயனெட் மாட்ற மொட்டை மூக்கு இருக்கும். இதுல மரம் பாதியிலேயே நின்னுடுச்சு. மேகசின் சின்னது, 5 தோட்டாவுக்குத்தான். அடுத்து போல்ட் கைப்பிடிக்குக் கீழே வலது பக்கம் இருக்கற இரும்புப் பட்டையைப் பாக்கணும். வெள்ளைக்காரன் காலத்துதுன்னா அங்க கிரீடமும் ராஜா பேரெழுத்தும் இருக்கும். இதுல கிரீடம் இல்ல. ஆர்.எஃப்.ஐ., வருஷம் 1974. குழாய் மேல 315.

சீனா சண்டைக்கு 12 வருஷம் கழிச்சுச் செஞ்ச துப்பாக்கி!

மாமா மொகம் தொங்கிப் போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்தது, ஆனா அதை அவர்கிட்ட சொல்ற நேரம் இல்ல. விலை கேட்டோம். லைசென்ஸ் இருக்கறவங்களுக்கு மட்டும்தான் விக்க முடியும், அவங்களும் புதுசைத்தான் தேடறாங்கன்னு இழுத்தார். கடைசியில சொன்னது ரெண்டு கல்யாணப் புடவை விலை. வாரிசுன்னு மாமா கலெக்டர் ஆபீஸ்ல லைசென்ஸ் கேக்கலாம், 2016 ஆயுத விதிகள்ல அதுக்கு இடமிருக்கு. மாமாவுக்கு இஷ்டமில்ல. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், டெபாசிட் ரசீது எல்லாம் சேத்து விக்கறதுக்கு அனுமதி கேட்டு மனு எழுதிக் குடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஆயாகிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னோம். ஆயா வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "அது கடைக்குக் காவலுக்குப் போனப்போ மொதலாளி பணம் குடுத்து வாங்கச் சொன்னதுடா. ஒரு நாளும் வெடிச்சதில்ல. ராத்திரி அதைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு உங்க தாத்தா நல்லாத் தூங்குவாரு"ன்னாங்க.

"அப்ப ஏன் இத்தனை நாளா சொல்லல?"ன்னு மாமா கத்தினார்.

"நீ எங்க கேட்ட?"