தூங்கிப்போன மிழாவுக்காரர்

போன வருஷம் தை மாசத்துல ஒரு சனிக்கிழமை. வாரம் பூரா ஆணி புடுங்கி ஓஞ்சு போயிருந்த நேரம். கோயமுத்தூர்ல ஒரு புல்வெளியில திறந்தவெளி ஸ்டாண்டப் காமெடின்னு சொல்லி ஆபீஸ் கும்பல் என்னையும் தள்ளிட்டுப் போச்சு. டிக்கெட்டு 499 ரூபா. மரத்துக்கு மரம் சீரியல் லைட்டு, ஒரு மைக்கு, ஒரு ஸ்டூலு, அதுமேல ஒரு தண்ணி பாட்டிலு. அவ்வளவுதான் மேடை. லேட்டாப் போனதால முன்வரிசைதான் காலியா இருந்துச்சு. ஏன் காலியா இருந்துச்சுன்னு பத்து நிமிஷத்துல புரிஞ்சிருச்சு.

"ப்ரோ, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"டெஸ்டிங்."

"அதாவது அடுத்தவன் செஞ்ச வேலையில குத்தம் கண்டுபுடிக்கறதுக்கு உங்களுக்குச் சம்பளம். எங்க மாமியார் இதைப் பத்து வருஷமா சும்மாவே பண்ணிட்டு இருக்காங்களே!"

புல்வெளியே சிரிச்சுது. என் டமேஜர் கொஞ்சம் அதிகமாவே சிரிச்சார். நானும் ஹிஹின்னு பல்லைக் காட்டினேன். வேற என்ன செய்ய? மைக்கு அவர் கையில. இதுக்கு அருமையான ஒரு பதில் எனக்குத் தோணுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு, பாயில புரண்டுட்டு இருக்கும்போது.

திங்கக்கிழமை டீ குடிக்கப் போனப்ப எங்க டீம் சேட்டன்கிட்ட இதைச் சொல்லிப் புலம்பினேன். ஒத்தப்பாலத்துக்காரர், எனக்கு ரெண்டு வயசு மூத்தவர். "எடா, எங்க ஊர்ல முன்வரிசையில உக்காந்து திட்டு வாங்கறது எத்தனையோ நூறு வருஷத்துப் பழக்கம். திருப்பிப் பேசவே கூடாது. ஒருத்தர் மட்டும் திருப்பிக் குடுத்தார். ஆனா அவர் முன்வரிசை ஆள் இல்லை, பின்னாடி கொட்டு அடிச்சிட்டு இருந்தவர்"னார்.

அந்தக் கதையைத் துரத்திட்டுப் போனதுதான் கீழே இருக்கறதெல்லாம்.

திருப்பிப் பேசக்கூடாத அந்தக் கலைக்குப் பேரு சாக்கியார் கூத்து. கேரளக் கோயில்கள்ல கூத்தம்பலம்னு தனியா ஒரு மண்டபம் இருக்கும். திருச்சூர் வடக்குநாதர் கோயில்ல ரொம்ப அழகா ஒண்ணு இருக்கு. விளக்கு முன்னாடி சாக்கியார் ஒத்தை ஆளா நிப்பார். தலையில சிவப்புத் தலைப்பாகை, ஒரு காதுல குண்டலம், இன்னொரு காதுல வெத்தலைச் சுருள். சமஸ்கிருத சுலோகம் ஒண்ணைச் சொல்லிட்டு அதுக்கு மலையாளத்துல அர்த்தம் சொல்ல ஆரம்பிப்பார். அந்த அர்த்தம் எங்கெங்கேயோ சுத்தி, முன்னாடி உக்காந்திருக்கற பெரிய மனுஷன் தொப்பையில வந்து நிக்கும். நாராயணீயம் எழுதின மேல்பத்தூர் நாராயண பட்டதிரியே சாக்கியார்களுக்காகப் பிரபந்தங்கள் எழுதிக் குடுத்திருக்கார். அதனால இதை ஏதோ தெருக்கூத்துன்னு நினைச்சுராதீங்க. படிச்சவங்க, படிச்சவங்களை வச்சுப் படிச்சவங்களுக்காக நடத்தின நக்கல்.

ராஜாவே முன்னாடி உக்காந்திருந்தாலும் சாக்கியார் வாரலாம். யாராவது எழுந்து எதிர்த்துப் பேசினா, அவர் தலைப்பாகையைக் கழட்டி வச்சிருவார். அதுக்கப்புறம் அந்த இடத்துல கூத்தே கிடையாதுன்னு மரபு. இப்ப மேடை ஏறுற காமெடியன்களைக் கேட்டா அந்தத் தலைப்பாகைக்குச் சொத்தையே எழுதிக் குடுப்பாங்க.

இது நமக்கு ஒண்ணும் அந்நியச் சமாச்சாரம் இல்லைங்க. சிலப்பதிகாரத்துல நடுகற்காதையில பறையூர்க் கூத்தச் சாக்கையன்னு ஒருத்தர் சேரன் செங்குட்டுவன் முன்னாடி ஆடுவார், ஞாபகம் இருக்கா? அந்தச் சாக்கையரோட வழிதான் இந்தச் சாக்கியார்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் காமரசவல்லிக் கல்வெட்டுல, சாக்கைக் கூத்து ஆடினவருக்குச் சாக்கைக்காணின்னு நிலம் விட்ட சேதி இருக்கு. நம்ம பக்கம் அந்தக் கூத்து மறைஞ்சிருச்சு. மலைக்கு அந்தப் பக்கம் தங்கிருச்சு.

சரி, அந்தக் கொட்டுக்காரருக்கு வருவோம்.

சாக்கியாருக்குப் பின்னாடி பெரிய செப்புக் குடம் மாதிரி ஒரு வாத்தியம் இருக்கும். மிழாவு. வாயில தோல் கட்டி, மரச்சட்டத்துக்குள்ள இறக்கி வச்சிருப்பாங்க. அந்தச் சட்டத்து மேலேயே ஏறி உக்காந்து வாசிக்கணும். வாசிக்கறது நம்பியார்ங்கற சாதிக்காரங்க வேலை. பேசறது சாக்கியார், கொட்டறது நம்பியார். அந்தக் காலத்துல இது பொறப்புலயே எழுதி வச்சது, மாத்திக்க முடியாது. எத்தனை மணி நேரம் கூத்து நடந்தாலும் நம்பியாருக்கு வசனம் கிடையாது.

அப்படி அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில்ல மிழாவு வாசிச்சவர்தான் குஞ்சன் நம்பியார். (நம்ம எம்.என். நம்பியார் இல்லைங்க, இவர் 18ஆம் நூற்றாண்டு.) ஒரு நாள் கூத்து நடக்கும்போது மனுஷன் கண் அசந்துட்டார், தாளம் தப்பிருச்சு. சாக்கியார் சும்மா விடுவாரா? கதையை நிறுத்திட்டு நம்பியாரை எடுத்து வாரு வாருன்னு வாரினார். மண்டபமே சிரிச்சுது.

கதையில இந்த இடத்தைக் கேட்டப்ப எனக்கு அந்தப் புல்வெளி ஞாபகம்தான் வந்துச்சு. ஆனா நம்பியாருக்கும் எனக்கும் ஒரு சின்ன வித்தியாசம். எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே ஒரு பதில் தோணுச்சு. அவருக்கு அந்த ராத்திரியிலேயே ஒரு முழுக் கலைவடிவம் தோணிருச்சு :-)

மறுநாள் உள்ள சாக்கியார் கூத்து ஆரம்பிக்குது. வெளியே திறந்தவெளியில நம்பியார் முகத்துல பச்சை பூசி, தலையில கிரீடம் வச்சு, கால்ல சலங்கை கட்டிட்டு வந்து நின்னார். கல்யாண சௌகந்திகம் கதையை எடுத்துக்கிட்டு அவரே பாடி, அவரே ஆடினார். சமஸ்கிருதமே இல்லை, சந்தைக்கடையில பேசற மலையாளம். உள்ள இருந்தவங்க ஒவ்வொருத்தரா நழுவி வெளியே வந்துட்டாங்க. சாக்கியார் காலி மண்டபத்துக்கு அர்த்தம் சொல்லிட்டு நின்னார். துள்ளல் பொறந்தது இப்படித்தான்னு கேரளத்துல சின்னப் பசங்க கூடச் சொல்லுவாங்க.

கதையில எனக்கு ரொம்பப் புடிச்சது இதுக்கு அடுத்து வர்றது. ராஜா முதல் சமையக்காரன் வரைக்கும் எல்லாரையும் கிண்டல் பண்ற உரிமை வச்சிருந்த சாக்கியார், தன் கூட்டம் கலைஞ்ச உடனே என்ன பண்ணார் தெரியுமா? நேரா செம்பகச்சேரி ராஜாகிட்டப் போய் எஸ்கலேட் பண்ணிட்டார்! கோயில் வளாகத்துல துள்ளல் ஆடக்கூடாதுன்னு ராஜா தடை போட்டாராம். ஒரு ஜோக்குக்கு நம்பியார் இன்னொரு நல்ல ஜோக்கால பதில் சொன்னார். அதுக்குச் சாக்கியாரோட பதில் ஒரு புகார் மனு.

இந்தப் புகார் மனு இன்னும் ஓயலை. 2021 ஜனவரி 1ஆம் தேதி இந்தூர்ல ஒரு கஃபேல முனாவர் ஃபரூக்கி நிகழ்ச்சிக்கு நடுவுல ஆளுங்க மேடை ஏறித் தகராறு பண்ணி, போலீஸ்ல புகார் குடுத்து, அன்னைக்கே அவரைக் கைது பண்ணாங்க. பிப்ரவரி 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் குடுக்கற வரைக்கும் ஒரு மாசத்துக்கு மேல உள்ளே. அதே வருஷம் நவம்பர்ல பெங்களூர்ல அவர் நிகழ்ச்சியைப் போலீஸ் நிறுத்தச் சொல்லிருச்சு. ஃபரூக்கி ஜோக்கு எனக்கு எல்லாமே புடிக்கும்னு சொல்லலை. புடிக்காதவன் எழுந்து வெளியே போகலாம், இல்லைன்னா பக்கத்துலயே தனியா மைக்கு போடலாம். அம்பலப்புழைல அந்த ஜனங்க அதைத்தானே பண்ணாங்க?

நம்பியாரைப் பத்தி இன்னொரு கதையும் உண்டு. அம்பலப்புழை பால் பாயசம் பேர் போனது. ஒரு நாள் ராஜா வாய்ல வச்சுட்டு, "என்ன இவ்வளவு கசக்குது"ன்னாராம். உடனே சபையே "ஆமாங்க, வேம்பு மாதிரி கசக்குது"ன்னு இலையைத் தள்ளிருச்சு. நம்பியார் மட்டும் குடிச்சிட்டே இருந்தார். "என்னய்யா, உமக்குக் கசக்கலையா?" "கசக்குது மகாராஜா. எனக்கு இந்தக் கசப்பு புடிச்சிருக்கு." எங்க வாராந்திர மீட்டிங்ல இப்படி ஒருத்தர் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

ஆனா ஒரே ராத்திரியில ஒரு கலை பொறக்குமான்னு டெஸ்டர் புத்தி கேக்குது. பொறக்காது. துள்ளல் மூணு வகை: ஓட்டன், சீதங்கன், பறையன். பேரைப் பாருங்க. சீதங்கன் துள்ளல்ல நகையெல்லாம் குருத்தோலை. பறையன் துள்ளல் பேருலயே சாதி இருக்கு. படையணி மாதிரி நாட்டுப்புற ஆட்டங்கள் ஏற்கனவே ஊர்ல ஆடிட்டு இருந்ததுதான். அதையெல்லாம் எடுத்துத்தான் நம்பியார் தன் கலையைக் கட்டினார்னு படிச்சவங்க சொல்றாங்க. அவர் மேதைங்கறதுல சந்தேகமே இல்லை. நாப்பதுக்கு மேல துள்ளல் கதை எழுதினவர். ஆனா அந்த ஓலையையும் அடவையும் குடுத்த ஜனங்க அவர் துள்ளலைக் கோயில் முற்றத்துல வந்து பாத்திருக்க முடியாது. மண்டபத்தை விட்டு ஜோக்கு வெளியே வந்துச்சு, சரி. மதில் அப்படியேதானே இருந்துச்சு? திருவிதாங்கூர்ல கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12ஆம் தேதி. நம்பியார் செத்து 160 வருஷத்துக்கு அப்புறம். இதைச் சேட்டன்கிட்டக் கேட்டேன். டீ கிளாசைச் சுத்திட்டே இருந்தார். கடைசில, "ஞாயித்துக்கிழமை வா, ஊருக்குப் போலாம்"னார்.

லக்கிடி பக்கத்துல கிள்ளிக்குறிச்சிமங்கலம்னு ஒரு ஊர். கோயமுத்தூர்ல இருந்து பாலக்காடு வழியா கார்ல ரெண்டு மணி நேரம், நடுவுல பழம்பொரிக்கு நிறுத்தினதையும் சேத்து. நம்பியார் பொறந்த கலக்கத்து வீடு இங்கதான் இருக்கு, நினைவிடமா வச்சிருக்காங்க. ஓட்டு வீடு, மரத்தூண், உள்ளே ஜில்லுன்னு இருட்டு.

இந்த ஊர்ல இன்னொரு விஷயமும் எனக்குக் கிடைச்சுது. 20ஆம் நூற்றாண்டோட பெரிய சாக்கியார், மாணி மாதவ சாக்கியார் வாழ்ந்ததும் இதே ஊர்தான்! கொட்டுக்காரர் பொறந்த ஊர்லயே சாக்கியார். 1949ல ஆல் இந்தியா ரேடியோவுக்காக இவர் கூத்தைக் கூத்தம்பலத்துக்கு வெளியே கொண்டு வந்தார். 1955ல இதே ஊர்ல கூடியாட்டத்தையும் கோயிலுக்கு வெளியே ஆடிக் காட்டினார். சொந்த ஜனங்களே எதிர்த்தாங்க. வைக்கத்துல ஆடிட்டு வந்தப்ப சாதியை விட்டே தள்ளி வைக்கற அளவுக்குப் பேச்சு வந்துச்சு. கலை பிழைக்கணும்னா மதிலைத் தாண்டித்தான் ஆகணும்னு அவர் நின்னுட்டார். 2001ல யுனெஸ்கோ கூடியாட்டத்தை மனித குலத்தோட பாரம்பரியக் கலைன்னு அறிவிச்சுது. நம்பியார் ஒரு ராத்திரியில செஞ்சதா சொல்ற வேலையைச் செய்யச் சாக்கியார்களுக்கு இருநூறு வருஷம் ஆச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் பக்கத்துல ஒரு சின்னக் கோயில் திருவிழா. முற்றத்துல ஓட்டன் துள்ளல். டிக்கெட்டு கிடையாது, நாற்காலியும் கிடையாது. கடலை வித்துட்டு இருந்தவர் கூடையை இறக்கி வச்சுட்டுப் பாக்க உக்காந்துட்டார். ஆடினவருக்கு அம்பது வயசு இருக்கும். அவர் ஒரு அடி பாட, பின்னாடி நிக்கறவங்க அதையே திருப்பிப் பாட, மத்தளமும் தாளமும் விரட்டுது. திரௌபதிக்குப் பூப் பறிக்கப் போற பீமன் வழியில படுத்திருக்கற கிழட்டுக் குரங்கை மிரட்டுறான். பீமனும் அவரே, குரங்கும் அவரே. மீசையை முறுக்கினா பீமன், உதட்டைத் துருத்தினா அனுமன். வாலை நகத்த முடியாம பீமன் முழிக்கற முழி இருக்கே, அதுக்கு மலையாளம் தெரிய வேண்டியதில்லை.

நடுநடுவுல கூட்டத்துல ஒரு ஆளைக் கண்ணால புடிச்சு நிறுத்தி, அடுத்த அடியை அந்த ஆளுக்கே பாடுவார். நாயர், நம்பூதிரி, வைத்தியன், ஜோசியன்னு நம்பியார் யாரையும் விட்டு வைக்கலை. தமிழ்நாட்டுல இருந்து போன பட்டர்களுக்கும் நல்ல சாத்து உண்டு. அப்படி ஒரு அடி வந்தப்ப, யாரோ என்னைக் கை காட்டிட்டாங்க போல. ஆடினவர் நேரா என் முன்னாடி வந்து, புருவத்தைத் தூக்கி, வயித்தைத் தடவிக் காட்டிப் பாடினார். கூட்டம் குலுங்கிச் சிரிச்சுது. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. ஆனா சிரிப்பு வந்துச்சு, நிஜமாவே. கடலைக்காரர் என் தோள்ல ஒரு தட்டுத் தட்டினார்.

மணி எட்டைத் தாண்டிருச்சு. பீமன் இன்னும் வாலோட மல்லுக்கட்டிட்டு இருந்தான். நான் ஆட்டத்தை விட்டுட்டுப் பின்னாடி நின்ன மத்தளக்காரரையே பாத்துட்டு இருந்தேன். வயசானவர். பெரிசா ஒரு கொட்டாவி வந்துச்சு அவருக்கு. பல்லைக் கடிச்சு அடக்கிட்டே வாசிச்சார். தாளம் தப்பலை.