எழுத்தும் தோட்டமும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929-இல் 'போ' தேயிலைத் தோட்டம் தோன்றியது. அங்குக் கொழுந்து கொய்ய வந்த தமிழர் அடிமைகள் அல்லர். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இலேயே முடிவுற்றிருந்தது. அவர்கள் எழுத்தறிவதைத் தண்டிக்கும் சட்டமும் இருந்ததில்லை.

அமெரிக்காவின் தென் கரோலினாவிலோ, அடிமைக்கு எழுதக் கற்பிப்போர்க்கு 1740-ஆம் ஆண்டுச் சட்டம் 100 பவுண்டு தண்டம் விதித்தது. பிற்காலத்தில் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ், தெருச் சிறுவர்க்கு ரொட்டி ஈந்து கமுக்கமாகப் படிக்கக் கற்றார்.

தடைச்சட்டம் கண்ணுக்குப் புலனாகும். புறக்கணிப்பு எளிதில் புலனாகாது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது மலாயாவின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஆயினும் கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்த பள்ளிகள் பல. சட்டம் நிறைவேறிற்று, கல்வி நிறைவேறவில்லை.

இக்குறையை உரத்துச் சொன்னவர்கள் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டத் தொழிலாளர். 1941-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில், ஊதிய உயர்வோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் கேட்டனர். முன்னின்ற இதழாளர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

கூலியையும் எழுத்தையும் ஒரே உரிமையாகக் கேட்ட அக்குரலே தோட்டத் தமிழ்க் கல்வி வரலாற்றின் உயிர்நாடி.