சர்ப்பகந்தா: எது விளைவு, எது பக்கவிளைவு?

1931ஆம் ஆண்டு ‘இந்தியன் மெடிக்கல் வேர்ல்டு’ இதழில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் எழுதிய ஒரு கட்டுரை வெளிவந்தது. சர்ப்பகந்தாச் செடியின் வேரைப் பைத்தியத்திற்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் உரிய புதிய இந்திய மருந்து என்று அதன் தலைப்பே அறிவித்தது. அத்தலைப்பில் உள்ள எண்ணும்மையைக் கவனிக்க வேண்டும். வேர் ஒன்று, நோய்கள் இரண்டு. பின்னர் நாற்பது ஆண்டுகள் நடந்த வழக்கு முழுவதும் அந்த உம்மைக்குள்ளேயே கிடந்தது.

‘புதிய’ என்ற சொல் மட்டும் பொருந்தாது. பீகாரில் இவ்வேருக்கு வழங்கிய பெயரே ‘பாகல் கீ தவா’, அதாவது பைத்தியத்துக்கான மருந்து. இந்தியில் சோட்டா சாந்த், மலையாளத்தில் சுவன்ன அவில்பொரி. தாவரவியலில் அது ராவுல்ஃபியா. பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ராவுல்ஃபின் நினைவாக இடப்பட்ட பெயர். அவர் பயணம் செய்தது மேற்காசிய நாடுகளில், இந்தச் செடி வளரும் காடுகளில் அன்று. இத்தனை பெயர்களுள் நோயாளியைச் சுட்டுவது பீகார் மக்கள் வைத்த பெயர் ஒன்றே.

அதே 1931இல் தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் இவ்வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தனர். ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டனர். ஆனால் மனத்தை அடக்கும் பொருள் அந்த ஐந்தில் இல்லை. அது 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவனத்தைச் சேர்ந்த முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகியோரின் கையில் அகப்பட்டு ரெசர்பின் என்று பெயர் பெற்றது.

இடைப்பட்ட காலத்தில் வேர் இரு வழிகளில் பயணப்பட்டது. பம்பாய் மருத்துவர் ரஸ்தம் ஜால் வகீல் 1949இல் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ இதழில், உயர் இரத்த அழுத்தம் உடைய 50 நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். அதுமுதல் மேலைநாட்டு இதய மருத்துவர்கள் இதை எடுத்துக்கொண்டனர். மற்றொரு வழி அகமதாபாத்திலிருந்து சென்றது. ஆர். ஏ. ஹக்கீம் என்பவர் மனநோய்க்கு இவ்வேரைப் பயன்படுத்தியது பற்றிய செய்தி ஒரு நியூயார்க் நாளிதழில் வெளிவர, ராக்லண்ட் மாநில மனநல மருத்துவமனையின் நேதன் கிளைன் அதைத் தம் நோயாளிகளிடம் சோதித்து 1954இல் முடிவுகளை வெளியிட்டார். அம்மருத்துவமனையில் உடைந்த கண்ணாடிகளை மாற்றும் பணியாளர், மருந்து கொடுக்கப்பட்ட பிரிவில் சன்னல் கண்ணாடிகள் உடைவது குறைந்துவிட்டதை முதலில் கவனித்தார் என்பது கிளைன் சொல்லிப் புகழ்பெற்ற கதை. நல்ல கதைதான். ஆனால் உடையாத கண்ணாடி மருத்துவமனைக்குக் கிடைத்த நன்மை. உள்ளே அமர்ந்திருந்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதை அது சொல்லாது.

இங்கேதான் தராசின் சிக்கல் தொடங்குகிறது. மனநோய்ப் பிரிவில் கிளர்ச்சி அடங்குவது விளைவு, இரத்த அழுத்தம் வீழ்வது பக்கவிளைவு. இதயநோய்ப் பிரிவில் இரத்த அழுத்தம் வீழ்வது விளைவு, மனம் அடங்குவது பக்கவிளைவு. மூலக்கூறு இரண்டு இடத்திலும் செய்தது ஒன்றே. நரம்பு முனைகளில் செரட்டோனின், நோரட்ரினலின், டோபமைன் ஆகியவற்றைச் சேமித்துவைக்கும் பைகளை அது நிரம்பவிடாது தடுத்தது; சேமிப்பு கரைந்தது. மருந்தை நிறுத்திய பின்னரும் அப்பைகள் மீள நாட்கள் ஆகும். தொல்லை தரும் மாத்திரையை இன்று நிறுத்தினால் நாளை விடுதலை என்னும் கணக்கு இம்மருந்திடம் செல்லாது.

1954இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஃப்ரைஸ் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எச்சரிக்கை விடுத்தார். மனநோய் ஏதும் சொல்லி வராத இரத்த அழுத்த நோயாளிகளிடம், நீண்ட காலம், பெரிய அளவில் ரெசர்பின் கொடுக்கப்பட்டபோது மனச்சோர்வு தோன்றியது என்றார். காலம், அளவு ஆகிய இரண்டு நிபந்தனைகளும் கட்டுரையின் தலைப்பிலேயே இருந்தன. அடுத்த ஆண்டுகளில் வேறு மருத்துவர்களும் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினர், தற்கொலைகளும் பதிவாயின. பாடநூல்களுக்குள் இச்செய்தி நுழைந்தபோது காலமும் அளவும் உதிர்ந்து, ‘ரெசர்பின் மனச்சோர்வை உண்டாக்கும்’ என்னும் மொட்டை வாக்கியம் மட்டும் மிஞ்சியது. அடைமொழி உதிர்வது மொழியில் இயல்பு. மருந்தைப் பற்றிய வாக்கியத்தில் அது நிகழ்ந்தால் அளவே மறைந்துபோகிறது.

எதிர்ச்சான்றும் அப்போதே இருந்தது. 1955இல் டேவிஸ், ஷெப்பர்டு என்னும் இரு லண்டன் மருத்துவர்கள் பதற்றமும் சோர்வும் உடைய 54 பேரை எழுந்தமானமாக இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ரெசர்பினும் மற்றதற்கு வெற்று மாத்திரையும் கொடுத்தனர். ரெசர்பின் பெற்றவர்கள் மேம்பட்டனர். ‘லான்செட்’ இதழில் வந்த இக்கட்டுரையைப் பெரும்பாலோர் மறந்தனர். ரெசர்பின் செரட்டோனினைக் கரைக்கிறது என்று அதே காலத்தில் அமெரிக்காவில் பிராடி குழுவினர் காட்டியிருந்தனர். வேதிப்பொருள் குறைந்தால் மனம் சோரும் என்ற கோட்பாட்டுக்கு ஃப்ரைஸின் நோயாளிகள் கச்சிதமாகப் பொருந்தினர், லண்டன் நோயாளிகள் பொருந்தவில்லை. கோட்பாட்டுக்கு உதவாத சான்று எவ்வளவு ஒழுங்காகத் திரட்டப்பட்டிருந்தாலும் அலமாரியிலேயே தங்கிவிடுகிறது.

1971இல் குட்வினும் பன்னியும் பழைய பதிவுகளை மீண்டும் ஆராய்ந்தனர். மனச்சோர்வு என்று எழுதப்பட்டவற்றுள் பல, மந்தமும் உறக்கமும் மட்டுமே. முழுமையான மனச்சோர்வு கண்டவர்களில் பலர் முன்பே அந்நோய்க்கு ஆளானவர்கள். ஆங்கிலத்தில் ‘டிப்ரஷன்’ என்னும் ஒரே சொல் உடலின் வேகம் குறைவதையும் உயிர்மேல் வெறுப்பு வருவதையும் சேர்த்துக் குறித்தது இக்குழப்பத்திற்கு ஒரு காரணம். தமிழில் ‘சோர்வு’ என்று எழுதினாலும் அதே பள்ளத்தில்தான் விழ வேண்டியிருக்கும். இதனால் அத்தற்கொலைகள் இல்லை என்று ஆகிவிடாது. எல்லாரையும் சமமாகத் தாக்கிய இடர் அல்ல அது. யாரைத் தாக்கும் என்பதை முன்கூட்டிக் கேட்டறிய வாய்ப்பிருந்தது என்பதே பொருள். ‘முன்பு எப்போதாவது மனம் இப்படி ஒடிந்ததுண்டா?’ என்னும் கேள்விக்குச் செலவு ஏதும் இல்லை. இதயநோய்ப் பிரிவில் அதைக் கேட்கும் வழக்கம் இல்லை, அவ்வளவே.

எச்சரித்த ஃப்ரைஸ் பின்னர் செய்ததுதான் இவ்வரலாற்றில் மிகவும் சுவையான பகுதி. அவர் ரெசர்பினை விட்டுவிடவில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் அவர் தலைமையில் நடந்த ஆய்வில், நாள் ஒன்றுக்கு 0.2 மில்லிகிராம் ரெசர்பின் வேறு இரு மருந்துகளுடன் சேர்க்கப்பட்டது. 1967இல் வெளியான முதற்பகுதியில், மிகை அழுத்தம் உடைய 143 ஆண்களுள் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்புகள் நேர்ந்தன. மருந்து பெற்றவர்களில் 2 பேருக்கு மட்டுமே. உயர் இரத்த அழுத்தத்திற்கு மருந்து கொடுத்தால் உயிர் காக்கலாம் என்று உலகம் நம்பத் தொடங்கியது இந்த ஆய்வுக்குப் பின்னரே. இடரை முதலில் எழுதியவரே, அளவைச் சுருக்கி, தராசின் மறுதட்டில் மருந்து கொடுக்காமல் விடுவதன் இடரையும் வைத்து நிறுத்துப் பார்த்தார்.

ஆயினும் ரெசர்பினுக்கு நற்பெயர் திரும்பவில்லை. மனநல மருத்துவத்தில் குளோர்புரோமசின் அதன் இடத்தை முன்பே பிடித்திருந்தது. 1974இல் ‘லான்செட்’ இதழில் ஒரே சமயத்தில் வந்த மூன்று ஆய்வுகள் அதை மார்பகப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தின. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அதற்குள் மருத்துவர்களின் பேனா வேறு மருந்துகளுக்குப் பழகிவிட்டது. புரளியாய் முடிந்த இடரும் மெய்யான இடரும் மருந்துச் சீட்டிலிருந்து ஒரு பெயரை ஒரே வேகத்தில் நீக்குகின்றன.

இன்று ரெசர்பின் அரிதாகவே எழுதப்படுகிறது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் முன்பு இருந்தவர்களுக்கும் இதைக் கொடுக்கலாகாது என்னும் எச்சரிக்கை அமெரிக்க மருந்துக் குறிப்பில் நிலைத்துவிட்டது. இந்தியாவில் அதே வேர், சர்ப்பகந்தா மாத்திரை என்ற பெயரில், உறக்கத்திற்கும் இரத்த அழுத்தத்திற்கும் ஆயுர்வேதக் கடைகளில் விற்கப்படுகிறது. மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை உண்ணும் ஒருவர், மூலிகைதானே என்று அதையும் வாங்கிச் செல்லலாம். முன்பு மனம் ஒடிந்ததுண்டா என்று கல்லாவில் கேட்பார் இல்லை.