தம்பியின் கொடை

ஜாம்ஷெட்பூரின் உருக்காலை அருகே வாழும் தமிழரும், மும்பையில் அலுவல் பார்க்கும் தமிழரும் டாட்டா என்னும் பெயரை நாள்தோறும் கேட்பவர்கள். தந்தை ஜாம்ஷெட்ஜி கண்ட கனவுகளை நனவாக்கியவர் மூத்த மகன் தொராப்ஜி. 1907-இல் இரும்பு உருக்குக் கம்பெனி தோன்றியதும், 1909-இல் பெங்களூர் விஞ்ஞானக் கழகம் நிறுவப்பெற்றதும் தந்தையின் மறைவுக்குப் பின்னரேயாம். தொராப்ஜிக்குப் பன்னிரண்டாண்டு இளையவராக 1871-இல் பிறந்த தம்பி ரத்தன்ஜியை அறிந்தோர் சிலரே. 2024-இல் மறைந்த ரத்தன் டாட்டா வேறு. அவர், ரத்தன்ஜியின் மனைவி நவாஜ்பாய் சுவீகாரம் எடுத்து வளர்த்த நாவலின் மகன்.

ரத்தன்ஜி குடும்பத் தொழிலில் பங்காளியாக இருந்தார். எனினும் அவர் உள்ளம் ஓவியங்களையும் பழம்பொருள்களையுமே நாடிற்று. மக்கட்பேறு வாய்க்கவில்லை. ஆரவாரமற்ற அவ்வாழ்வில் ஒரு செயல் தமிழராகிய நமக்கு மிக அணுக்கமானது.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர் மீது பதிவுச் சட்டம் சுமத்தப்பட்டபோது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுச் சிறை புகுந்தோருள் தமிழர் மிகப் பலர். சிறு வாணிகமும் கூலி வேலையும் செய்து பிழைத்த அவர்கள் சிறையிலிருக்க, வீட்டில் அடுப்பெரிய வழி வேண்டுமன்றோ? நிதி வற்றிப் போராட்டம் தளர்ந்த 1909-ஆம் ஆண்டில், ரத்தன்ஜி 25,000 ரூபாய் அனுப்பினார். அதன் பின்னும் கொடை தொடர்ந்தது. 1910-இல் கல்லன்பாக் வழங்கிய நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. சிறை சென்றோரின் குடும்பங்கள் அங்கே புகலடைந்தன.

இங்கிலாந்தில் வறுமையின் காரணங்களை ஆராய, லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்கு 1912-இல் அவர் பொருளுதவி செய்தார். அறிஞர் டானி அவ்வாராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். ஆளும் நாட்டின் ஏழ்மையை ஆராய ஆளப்படும் நாட்டான் பணம் தந்தான் என்பது எண்ணத்தக்கது. பாட்னாவை அடுத்த கும்ராஹாரில் பண்டைப் பாடலிபுத்திரத்தை ஸ்பூனர் அகழ்ந்ததும் இவர் பொருளாலேயே. மௌரியர் காலத் தூண் மண்டபம் அங்கே வெளிப்பட்டது.

1916-இல் சர் பட்டம் பெற்ற ரத்தன்ஜி, 1918 செப்டம்பரில் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் நகரில் காலமானார். அவர் செல்வத்தைக் கொண்டு 1919-இல் அறநிலையம் எழுந்தது. அவர் திரட்டிய கலைப்பொருள்களை மும்பை அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

அண்ணனின் பணிக்கு ஆலைகள் சான்று. தம்பியின் கொடையோ, பெயர் எழுதப்படாத பல வீடுகளில் ஒருவேளைச் சோறாக முடிந்தது. தம் மொழி பேசாத, தாம் காணாத மக்களுக்காக அவர் கொடுத்தார். ஊரைவிட்டு வந்து வாழும் நாம் அதன் அருமையை நன்கறிவோம்.